கொசுறுப் பலகை

ராஜாவைத் துரத்திவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழித்த நாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் ஜனங்கள் போய் நிற்கும் இடம் நல்லசிவத்தின் மளிகைக்கடை. ஆகவே, இனி யார் ஆள்வது என்று கேட்கவும் அங்கேதான் போனார்கள். நல்லசிவம் உளுந்தை நிறுத்துப் பொட்டலம் கட்டி, மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகச் செருகிவிட்டு, "நானே பாத்துக்கறேன்" என்றார். தேர்தல் முடிந்தது.

தலைவரான பிறகும் கைப்பழக்கம் போகவில்லை. குளத்தைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுத்தவர்களுக்கு ஆளுக்கொரு வெல்லக்கட்டி கிடைத்தது. குளம் அப்படியே கிடந்தது, வாய் இனித்தது. இரண்டாம் தேர்தலிலும் அவரே ஜெயித்தார்.

அதற்குள் கடைச் சரக்கு தீர்ந்துபோயிற்று. மந்திரி கங்காதரன் தொண்டையைச் செருமினார்.

"தலைவரே, ஆத்துப் பாலத்துல நானூறு பலகை சும்மா கெடக்கு. எல்லாரும் மிதிச்சுட்டுத்தான் போறாங்க."

இருநூறு வீடுகள். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பலகையைப் பெயர்த்து, சாப்பிட உட்கார மணையாகக் கொடுத்தார்கள். பாலத்தில் தாண்டித் தாண்டிப் போவது குடிமக்களுக்கு அரசு வழங்கும் தேகப்பயிற்சி என்று அறிவிக்கப்பட்டது. மூன்றாம் தேர்தலுக்கு முதல் நாள் மிச்சப் பலகைகளும் வீடு போய்ச் சேர்ந்தன.

ஓட்டுப்பெட்டி இருப்பது அக்கரையில், சபை மண்டபத்தில். சட்டம் அப்படி. விடிந்ததும் தலைவரும் மந்திரியும் இருவர் மட்டுமே உட்காரக்கூடிய அரசாங்கப் படகில் போய் வெற்றி மாலைக்காகக் காத்திருந்தார்கள். மத்தியானம் வரை ஒருவரும் வரவில்லை. நல்லசிவம் வெளியே வந்து பார்த்தார். எதிர்க்கரையில் நாடே நின்றது, கக்கத்தில் பலகையோடு.

"நல்லசிவம் வாழ்க!"

"வாழ்றது இருக்கட்டும், வந்து ஓட்டைப் போடுங்கய்யா!"

"எதுல வர்றது?"

நல்லசிவம் கரையோரத்துக்கு ஓடினார். பொழுது சாய்வதற்குள் ஓட்டு விழாவிட்டால் பதவி போய்விடும்.

"அந்தப் பலகையெல்லாம் கொஞ்சம் திருப்பிப் போடுங்க! ஓட்டுப் போட்டுட்டு எடுத்துக்கலாம்!"

பொன்னுருவி என்பவள் இரண்டு பலகையையும் மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள்:

"கொசுறைத் திருப்பிக் கேக்குற கடைக்காரரை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

பக்கத்தில் நின்ற விறகுக்கடை அழகேசன் ஒரு கல்லின் மேல் ஏறினார். "தாய்மாரே! இப்ப போடுங்க. நான் ஜெயிச்சா வீட்டுக்கு நாலாத் தர்றேன்!"

அரைமணி நேரத்தில் பாலம் தயார். ஒரு பலகைகூடக் குறையவில்லை. அந்த ஆட்சியில் நடந்த ஒரே பொதுப்பணி அதுதான்.

நல்லசிவத்துக்கு விழுந்தது ஒரே ஓட்டு, அவருடையது. மந்திரி வானத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை பலகை வாங்க வரிசை நின்றது. நாலுக்கு மரம் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் ஆள் நல்லசிவம்.

"என்னண்ணே, நீங்களுமா?" என்றாள் பொன்னுருவி.

"ஏம்மா, நான் மட்டும் குடிமகன் இல்லையா?"

புதுத் தலைவர் அழகேசன், சபை மண்டபத்தின் மரக்கூரையை அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தார்.