கூரை இருந்தால் கேம்ப் இல்லை

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை உச்சி வரைக்கும் யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்று எங்கேயாவது கிடந்தால், அதைப் போட்டவர் எங்கள் முடிச்சு டீச்சராகத்தான் இருப்பார். விசாரணையே வேண்டியதில்லை.

நான் பெருக்கி, மணி அடித்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவர் சாரணியர் டீச்சர். நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் அதையெல்லாம் எட்டிப் பார்ப்பதில்லை. அவர் கையில் எந்நேரமும் ஒரு முழம் கயிறு இருக்கும். வாய் பாடம் நடத்தும், விரல் பாட்டுக்கு முடிச்சுப் போடும். ஒருமுறை பள்ளிக்கூட கேட் பூட்டு தொலைந்துபோனது. "கவலைய வுடுங்க" என்று கயிற்றால் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலைப் பிரேயர் ரோட்டில் நடந்தது. கடைசியில் எதிர்க்கடை இளநீர்க்காரரிடம் அரிவாள் வாங்கி அறுத்தோம். "நல்ல கயிறு, பாழாப் போச்சே" என்று வருத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

இன்னொரு நாள் பஸ்ஸில் கூட்டம் என்று டிபன் கேரியரைக் கம்பியில் கட்டி வைத்தார். இறங்கும்போது அவருக்கே அவிழ்க்க வரவில்லை. கேரியர் தனியாகத் தியாகதுருகம் வரை போய், அடுத்த டிரிப்பில் திரும்பி வந்தது. கண்டக்டர் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, "டீச்சர், உங்க சோறு ஊரைச் சுத்திட்டு வந்துட்ச்சு, ஏறி வந்து துன்னுட்டுப் போங்க" என்று கத்தினார். டீச்சரும் ஏறித் தின்றுவிட்டுத்தான் இறங்கினார்.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. அவர் நடத்திய கேம்ப் ஒன்றைக்கூட மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

பெண்கள் வெளியே தங்கி, தாங்களே டென்ட் அடித்து, தாங்களே சமைத்துச் சாப்பிட வேண்டுமாம். மாவட்டத்திலிருந்து ஒரு மேடம் வந்து பார்த்து, 'இது உண்மையான கேம்ப்' என்று கையெழுத்துப் போட்டால்தான் பெண்களுக்குப் பெரிய பேட்ஜ் கிடைக்குமாம். முதல் வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ் பயந்துகொண்டு கேம்பைக் கல்யாண மண்டபத்தில் வைக்கச் சொன்னார். மேடம் வந்தபோது பந்தியில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. செல்லாது என்றார். இரண்டாம் வருஷம் பள்ளி மைதானத்தில் டென்ட் அடித்தார்கள். இருட்டுவதற்குள் அப்பா அம்மாவெல்லாம் இட்லியோடு வந்துவிட்டார்கள். ஒருவர் மகளுக்கு மடக்குக் கட்டிலையே தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் செல்லாது. இந்தக் கதையெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

மூன்றாவது கேம்ப் வெள்ளிமலையில். இதுவும் தவறினால் பத்தாவது படிக்கும் பன்னிரண்டு பெண்களும் பேட்ஜ் இல்லாமலே பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள். டீச்சருக்கும் அந்த வருஷத்தோடு ரிட்டையர்மென்ட். அதனால் ஸ்டாஃப் ரூமில் நின்று சட்டம் சொன்னார்:

"தலைக்கு மேல கூரை இருந்தா அது கேம்ப் இல்ல, வாடகை வூடு. ஃபேன் சுத்துனா அது கேம்ப் இல்ல, சித்தி வூடு. பெரியவங்க ஆக்கிப் போட்டா அது கேம்ப்பே இல்ல, கறி விருந்து! தொணைக்கு ஒரு பொம்பளை ஆள் மட்டும் வேணும். கேம்புக்கு யாரு வர்றீங்க?"

நான் நாலு பேர் இருக்கும் இடத்தில் தும்மக்கூட வெட்கப்படுகிறவள். அன்றைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கையைத் தூக்கினேன்.

காரணம் இதுதான். எங்கள் பக்கத்தில் கேம்ப் என்றால் கண் கேம்ப். பந்தல் போட்டு, வரிசையாக உட்கார வைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, புரை முற்றியிருந்தால் வேனில் ஏற்றிக்கொண்டு போய் இலவசமாக ஆபரேஷன் செய்து அனுப்புவார்கள். எனக்கு வலது கண் ஒரு வருஷமாகப் பால் ஊற்றின மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'பெருக்கினது போதும், வூட்டுல இரு' என்று விடுவார்களோ என்ற பயம் பாதி, வெட்கம் பாதி. இதோ, கேட்காமலே கேம்ப் வந்துவிட்டது! டீச்சர் சொன்ன சட்டத்தையெல்லாம் பெரிய டாக்டர்கள் போட்ட சட்டம் என்று நினைத்துக்கொண்டேன். வரிசையை ஒழுங்கு பண்ணத்தான் பெண்கள் வருகிறார்கள் என்றும் நானே முடிவு செய்தேன்.

கிளம்புகிற அன்று ஆதார் ஜெராக்ஸ் இரண்டு எடுத்து, தட்டு, டம்ளர், மாற்றுப் புடவை கட்டிக்கொண்டு, சர்க்கரை பார்ப்பார்களே என்று வெறும் வயிற்றோடு பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏற ஆரம்பித்ததும் என் வயிறு என்ஜினை விடச் சத்தம் போட்டது. டீச்சர் இட்லிப் பொட்டலத்தை நீட்டினார்.

"வேணாங்க டீச்சர். ரத்தம் எடுப்பாங்க இல்ல?"

"யாரு, அட்டைப் பூச்சியா? இப்ப இன்னா மழையா பெய்யுது? அப்படியே எடுத்தாலும் கொஞ்சூண்டுதான் எடுக்கும். ஒரு கல்லு உப்ப வெச்சா வுட்டுடும். நீங்க துன்னுங்க அஞ்சலைம்மா."

டாக்டருக்கு எதற்கு உப்பு வைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் கூச்சம். அடுத்த வளைவு வரை யோசித்துவிட்டு இட்லியைத் தின்றுவிட்டேன்.

வெள்ளிமலையில் ஒரு சாமைக் கொல்லை ஓரம், பலாமரங்களுக்குப் பக்கத்தில் இடம். பெண்கள் டென்ட் அடித்தார்கள். அது விழுந்தது. மறுபடி அடித்தார்கள். மறுபடி விழுந்தது. டீச்சர் உதவிக்குப் போகாமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கட்டிக்கொண்டு என்றால் நிஜமாகவே கயிற்றால். கை தானாகப் போய் முடிச்சுப் போட்டுவிடுமாம், பெண்கள் தாங்களே செய்தால்தான் கணக்காம். நாலாவது தடவை டென்ட் நின்றது. பிறகு டீச்சர் கையை அவிழ்க்க ஆறு பெண்கள் தேவைப்பட்டார்கள்.

சாயங்காலம் வரை எந்த டாக்டரும் வரவில்லை. "நாளைக்கு மத்தியானம் மேடம் வருவாங்க. அவங்க பாத்து சரின்னு எழுதணும். எல்லாரும் நல்லா நடந்துக்குங்க" என்று டீச்சர் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நாளைக்குத்தான் என் கண்ணைப் பார்ப்பார்கள்.

மறுநாள் காலை கீர்த்தனா என்ற பெண் தலைமையில் சமையல். நல்ல பெண், குரல் கணீரென்று இருக்கும். ஆனால் வீட்டில் தண்ணீர்கூடக் கொதிக்க வைத்ததில்லை. கத்திரிக்காயைக் காம்போடு போட்டாள். புளியைக் கரைக்காமல் உருண்டையாகவே போட்டாள். உப்பு போட்டாச்சா என்று ஆளாளுக்குச் சந்தேகப்பட்டு ஆளாளுக்குப் போட்டார்கள். எனக்குத் தனியாக ஒரு சின்ன அடுப்பு தந்திருந்தார்கள். நான் சாமைச் சோறும் காராமணிக் குழம்பும் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. பார்க்கப்போகிற மேடத்துக்கு இந்தப் பெண்கள் ஆக்கினதைப் போட்டால், கோபத்தில் என் கண்ணைப் பார்க்காமலே போய்விட மாட்டாரா? நல்ல சாப்பாடு உள்ளே போனால் ஒரு நிமிஷம் கூடப் பார்ப்பாரே! பெரியவர்கள் ஆக்கக் கூடாது என்ற சட்டம் அப்போது மறந்தே போனது. பெண்கள் கொடி ஏற்றப் போன நேரத்தில் அவர்கள் குண்டான்களைத் தூக்கிப் பலா மரத்துக்குப் பின்னால் வைத்து, இலை போட்டு மூடிவிட்டு, அந்த இடத்தில் என்னுடையதை வைத்தேன். களவாணித்தனத்தில் நான் இவ்வளவு கெட்டி என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மேடம் ஜீப்பில் வந்தார். டென்ட்டைப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார். மூங்கில் குச்சிகளைக் கட்டிச் செய்த பாத்திர ஸ்டாண்டைப் பார்த்துச் சிரித்தார். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார். இரண்டாவது வாய் சாப்பிட்டார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"டீச்சர், நான் வருத்தத்தோட சொல்றேன். இது குழந்தைங்க கை இல்லைங்க. முப்பது நாற்பது வருஷம் அடுப்பு பார்த்த கை. பெரியவங்க சமைச்சிருந்தா நான் எப்படி கையெழுத்துப் போடறது?"

"மேடம், சத்தியமா நாங்கதான் மேடம் ஆக்குனோம்!" என்று கீர்த்தனா ஓடி வந்து குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் தொங்கிப்போனது. "இல்ல மேடம். இது நாங்க இல்ல."

 டீச்சர் விரலில் இருந்த கயிறு அப்படியே நின்றுவிட்டது. என் வலது கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாது, அதற்கும் அது தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கை நின்று நான் பார்த்ததில்லை.

நான் எழுந்தேன். பன்னிரண்டு பெண்கள், ஒரு டீச்சர், ஒரு மேடம், ஒரு ஜீப் டிரைவர், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 

"டாக்டரம்மா, பசங்க மேல தப்பு இல்லீங்க. நான்தான் குண்டான மாத்தி வெச்சேன். வலது கண்ணுங்க."

"எந்த டாக்டரம்மா?"

"நீங்கதாங்க." சொல்லிவிட்டு ஆதார் ஜெராக்ஸை நீட்டி, கண்ணை அகலத் திறந்து காட்டினேன்.

 மெர்சி என்ற பெண் பக்கென்று சிரித்தாள். அதோடு எல்லோரும் உருண்டார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். அழுதபடியே கீர்த்தனா சிரித்தாள். நான் அந்தப் பலா இலைக்கு நடுவே இலையாகப் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று பார்த்தேன்.

மேடம் சிரிப்பில் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, குழந்தைங்க சமைச்சது எங்க?" என்றார்.

பலா மரத்துக்குப் பின்னாலிருந்து கொண்டு வந்து வைத்தேன். மேடம் ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார். காம்பு என்று நினைக்கிறேன், நெடுநேரம் மென்றார். அடுத்தடுத்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். பேனாவை எடுத்தார்.

"சந்தேகமே இல்லைங்க டீச்சர். இதுதான் உண்மையான கேம்ப்."

பெண்கள் போட்ட கூச்சலில் டென்ட் நாலாம் தடவையாக விழுந்தது. நல்லவேளை, கையெழுத்து ஆகிவிட்டது.

டீச்சர் என்னைத் திட்டுவார் என்று தலை குனிந்து நின்றேன். அவர் கிட்டே வந்து, என் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு விரலைக் காட்டினார்.

"இது எத்தினி?"

"விரலுங்களா டீச்சர்? நீங்க நிக்கறதே எனக்குச் சுமாராத்தான் தெரியுது."

"எத்தினி நாளா இப்படி?" என்றார். ஒரு வருஷமாக என்றேன். பிறகு, தானும் கையெழுத்துப் போட வாங்கியிருந்த மேடத்தின் பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அதிலும் கயிறு சுற்றி ஒரு முடிச்சு விழுந்திருந்தது.

அடுத்த மாதம் நிஜமான கண் கேம்ப் வந்தபோது டீச்சர்தான் என்னை வரிசையில் உட்கார வைத்தார். வேனில் கூடவே ஏறினார். ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டில், தலைக்கு மேல் ஃபேன், யாரோ ஆக்கிக் கொண்டுவந்த சூடான பொங்கல். ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"டீச்சர், இது கேம்ப் இல்லீங்க. கூரை இருக்குது, ஃபேன் சுத்துது, பொங்கல் வேற குடுக்கறாங்க. நீங்க கையெழுத்துப் போடாதீங்க."

"வாய மூடிக்கினு படுங்க அஞ்சலைம்மா. ஆட்டக் கூடாதுன்னாங்க தலைய."

கட்டில் பக்கத்தில் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். என் மணிக்கட்டில் கயிறு ஒன்று சுற்றுவது தெரிந்தது. மறு நுனியைத் தன் கையில் கட்டிக்கொண்டார்.

"பாத்ரூம் போவணும்னா, தண்ணி வேணும்னா இழுங்க. நான் கண்ணசந்தாலும் முழிச்சுக்குவேன். நீங்களா எழுந்து நடக்காதீங்க. பயப்படாதீங்க, இது சாதா முடிச்சுதான். இந்தப் பக்கம் இழுத்தா அவுந்துடும்."

ஊரே அரிவாள் தேடும் முடிச்சுப் போடுகிறவர், எனக்காக அவிழ்கிற முடிச்சு ஒன்று போட்டிருந்தார். நுனி என் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அதை இழுக்கவே இல்லை.