தண்ணீர் கேட்காத செடி

தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்: மண்ணைத் தொடாத தோட்டக்கலை நிபுணர். உங்கள் வேலியோரம் இரண்டு செடி தலைகாட்டினால் போதும், கேட்டுக்கு வெளியே நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இது இங்கே வராது, அது வெயில் தாங்காது, இந்த மண் எதற்கும் ஆகாது என்று வரிசையாகத் தீர்ப்பு சொல்லிவிட்டு, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார். அவரைக் கூப்பிட்டது யார்? யாருமில்லை.

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்கு வாய்த்தவர் மணவாளன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த ஒரு வருஷம், லாரித் தண்ணீருக்குக் குடங்கள் காத்துக் கிடந்தபோது, அவருக்கு யோகம் அடித்தது. மேற்குப் பார்த்த வீடுகள். மத்தியானத்திலிருந்து வெயில் வேலியோரத்தை வறுத்தெடுக்கும். அதற்கு அவர் கண்ட மருந்து அரளி, நித்தியகல்யாணி, காகிதப்பூ. ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் நிற்கும், சொட்டுத் தண்ணீர் வேண்டாம் என்றார். கரையான்சாவடியில் கன்றுகள் வாங்கி வந்து மனைவி நாகவல்லியை நடச் சொல்லி, பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார்.

சில மாதங்களில் வேலி பூத்துக் குலுங்கியது. மணவாளனைக் கையில் பிடிக்க முடியுமா? கேண்டீனில், பஸ் ஸ்டாப்பில், கல்யாணப் பந்தியில்கூட இதே பேச்சு.

எதிர்வீட்டு புஷ்பா பன்னீர் ரோஜாக்களை ஆசையாக வளர்த்து வந்தாள். ஊரே தவிக்கும்போது ரோஜாவுக்குக் குடம் குடமாய்த் தண்ணீரா என்று அவள் கணவர் லோகநாதனின் காதில் மணவாளன் போட்டுவைத்தார். லோகநாதன் ரோஜாக்களைப் பிடுங்கி எறிந்தார். மணவாளன் சொன்ன கன்றுகளையே நட்டார். சொன்னபடியே தண்ணீர் ஊற்றவில்லை. எல்லாம் கருகின. புஷ்பா கணவரோடு பேசுவதை நிறுத்தினாள். மணவாளன் வந்து காய்ந்த குச்சியை ஒடித்துப் பார்த்து, யாரோ இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றி, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கடைக்குப் போயிருந்தார். நாகவல்லி அரிசி களைந்த தண்ணீரை வேலியோரம் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு புஷ்பா தெருவைத் தாண்டி வந்தாள்.

"இன்னாக்கா, நீ தண்ணி ஊத்திகினுதான் கீறியா?"

"நட்ட நாள்லேர்ந்து ஊத்துறேன். வேர் புடிக்கிற வரைக்கும் எந்தச் செடிக்கும் தண்ணி வேணும்ல? அவரு டூட்டிக்குப் போனதும் ஊத்திடுவேன். அவரு பூவைப் பாப்பாரு, மண்ணை எங்க பாத்தாரு?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. என் ரோஜா போச்சே."

நாகவல்லியின் குரல் இறங்கியது. "சொன்னா அவரு மானம் போயிடுமேன்னு இருந்துட்டேன். தப்புதான் புஷ்பா."

கையில் காய்கறிப் பையோடு கேட்டருகே நின்ற மணவாளன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். முகம் சுண்டிப்போய் உள்ளே போனார். அன்று சாயங்காலம் சைக்கிள் கேரியரில் பன்னீர் ரோஜாக் கன்றுகளைக் கட்டிக்கொண்டு வந்து, புஷ்பாவின் வேலியோரம் தானே குழி தோண்டி, தானே தண்ணீர் ஊற்றினார். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. புஷ்பா அவருக்கு மோர் கொடுத்தாள். கணவருக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இந்த இனத்தை உங்களுக்குத் தெரியாது. மறுநாளே கேண்டீனில் புதுப் பாடம் தொடங்கிவிட்டது: எந்தச் செடியானாலும் வேர் பிடிக்கும்வரை அரிசி களைந்த தண்ணீர் ஊற்ற வேண்டும், இது அவர் சொந்த அனுபவத்தில் கண்டுபிடித்தது.

சிரியுங்கள், தப்பில்லை. ஆனால், "எங்க வீட்ல எல்லாம் அது பாட்டுக்கு நடக்கும்" என்று வந்தவர்களிடம் நீங்கள் கடைசியாகப் பெருமையடித்தது எப்போது? அந்த நேரத்தில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனது யார்?