அம்மா பச்சை லைனுக்கு மாறிய கதை

"பவுடர் டப்பா பின்னாடி எழுதியிருக்கறதப் படிக்கறதுக்கா மூணு வருஷம் பாலிக்குப் போற?"

மல்லிகா அத்தை இப்படிக் கேட்டபோது நான் பாலிடெக்னிக்கில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை அப்பாவின் தங்கை. ஞாயிற்றுக்கிழமையானால் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கையில் கறிபஃப் பொட்டலம் இருக்கும், வாயில் கேள்வி இருக்கும். கறிபஃப் தீர்ந்த பிறகும் கேள்வி தீராது.

சோப்புப் போடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சோப்பில் என்ன இருக்கிறது என்று தெரியுமா என்ன, என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஓர் அறை விடத் தோன்றுகிறது.)

எங்கள் வீட்டில் படிப்பு என்று சொல்லிக்கொள்ள என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. அப்பா லாரி ஓட்டுகிறார், தொடக்கப்பள்ளியோடு சரி. அம்மா ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவர். கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தபின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் துப்புரவு வேலை. நகர மன்றத்திலிருந்து கடிதம் வந்தாலும், மருந்துச்சீட்டு வந்தாலும், "என்ன போட்டிருக்குன்னு பாரு பாப்பா" என்று என்னிடம் நீட்டுவார். ஏழெட்டு வயதிலிருந்தே வீட்டின் அதிகாரபூர்வ வாசகி நான்தான். அதில் எனக்கு இருந்த பெருமையை ஒரு லாரியில் ஏற்றினால் அப்பாவால் அதை ஓட்டியிருக்க முடியாது.

அழகுசாதனப் பொருள்களில் உள்ள ரசாயனங்களைப் பற்றி வகுப்பில் பாடம் நடந்த வாரம், அந்தப் பெருமைக்குக் கொம்பு முளைத்தது. வீட்டுக்கு வந்ததும் குளியலறை அலமாரியைத் திறந்தேன். அம்மாவின் சிவப்பழகு க்ரீம். யாரோ கொண்டுவந்து கொடுத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட அச்சிடவில்லை. இப்படிப்பட்டவற்றில் பாதரசம் இருக்கக்கூடும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். வாசனைப் பவுடர், அப்பா குளித்துவிட்டு அரிசி மாவில் புரண்டவர்போல வருவாரே, அது. நகப்பூச்சு. நுரை பொங்கும் ஷாம்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவின் தலைச்சாயம்.

அந்தச் சாயத்தின் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் இருந்தது. மாதாமாதம் அதைப் பூசிக்கொண்டதும் அம்மாவுக்குக் காதுக்குப் பின்னால் சிவந்து தடித்துப்போகும். இரவெல்லாம் சொறிவார். கேட்டால், "கலர் பிடிக்குதுன்னு அர்த்தம்" என்பார். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை முதன்முறையாக எடுத்துப் படித்தேன். கறுப்பு நிறம் தரும் ஒரு பொருள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கலாம், முன்கூட்டியே தோலில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. அதுவரை எங்கள் வீட்டில் அந்தத் தாள் குப்பைத்தொட்டி தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

இதெல்லாம் இனி வேண்டாம் என்று நான் சொன்னது சரிதான். அதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சொன்ன பிறகு செய்ததுதான் சரியில்லை. அலமாரியில் இருந்ததை அப்படியே வழித்துப் பையில் போட்டு, சமையலறையிலிருந்த குப்பைக் குழாயைத் திறந்து உள்ளே தள்ளினேன். ஒன்பது மாடி கீழே போய் அது விழுந்த சத்தம், அன்றைக்கு எனக்கு வெற்றி முரசாகக் கேட்டது.

"என் பவுடர்?" என்றார் அப்பா.

"போச்சுப்பா."

"அது புது டப்பா லா!"

அம்மா காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே, "படிச்சவ சொல்றா" என்றார். சில மாதங்களில் அரிப்பு நின்றது. வகிட்டில் வெள்ளை வாய்க்கால் வெட்டினாற்போல் ஓடியது.

அப்போதுதான் விருதுச் செய்தி வந்தது. நீண்ட காலம் உழைத்த பணியாளர்களுக்குப் பள்ளி மண்டபத்தில், மாணவர்கள் முன்னிலையில் மேடையில் விருது. தாளைப் படித்துச் சொன்னதே நான்தான். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கித் தடவிப் பார்த்தார்.

"படம் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்கம்மா."

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் மேடை ஏறுறது இதான். ஜொகூர்ல அக்காவுக்கு ஒரு படம் அனுப்பணும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் தலை கறுப்பா இருந்தா நல்லா இருக்கும் பாப்பா. உன் பாடத்துல அதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார்.

இருக்கிறதா? என் பாடத்திலா? அடுத்த நாளே லிட்டில் இந்தியா போனேன். மளிகையும் மூலிகையும் விற்கும் ஒரு கடையில் அவுரி இலைப்பொடி கிடைத்தது. ரசாயனம் இல்லை, செடி. உறையில் ஓர் இலைப் படம்கூட இருந்தது. பக்கத்திலேயே மருதாணிப் பொடியும் இருந்தது. மருதாணி சிவக்கும், அம்மாவுக்கு வேண்டியது கறுப்பு, ஆகவே மருதாணி தேவையில்லை. இவ்வளவு தெளிவாக நான் தேர்வறையில்கூடச் சிந்தித்ததில்லை.

விழா மதியம். அம்மா விடுப்பு எடுத்திருந்தார். காலையில் பொடியைக் குழைத்துத் தலை முழுக்க அப்பினேன். "அரிக்கவே இல்ல பாப்பா" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் இலைகளின் மேன்மையைப் பற்றி ஓர் உரையாற்றினேன். அம்மா அசையாமல் கேட்டார். (தலையில் களிமண் மாதிரி இருந்ததால் அசையவும் முடியவில்லை.)

அலசியதும் தண்ணீர் பச்சையாகப் போனது. அது பொடி என்று நினைத்தேன். துவட்டினேன். துண்டு பச்சை. அதுவும் பொடி. பிறகு தலையைப் பார்த்தேன்.

கறுப்பாக இருந்த முடியெல்லாம் கறுப்பாகவே இருந்தது. வெள்ளையாக இருந்தது முழுவதும் பச்சை. வகிட்டிலும் காதோரத்திலும் குளத்துப் பாசி படிந்தது போன்ற, கொஞ்சம் நீலம் கலந்த பச்சை.

அம்மா கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

அம்மாவை விழாவுக்கு ஏற்றிப்போக வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏ பாப்பா! நம்ம குடும்பமே சிவப்பு எம்ஆர்டி ரயில் லைன்ல போற குடும்பம். உங்கம்மாவை மட்டும் ஏன் பச்சை லைனுக்கு மாத்தின?"

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவும்தான்.

ஷாம்பு போட்டு எடுக்கலாம் என்றால், அழுக்கெடுக்கிற ஷாம்புவை நான் ஒன்பது மாடி கீழே அனுப்பியிருந்தேன். வீட்டில் இருந்தது நுரைக்காத மூலிகை ஷாம்பு. மூன்று தடவை தேய்த்ததில் பச்சை இன்னும் பளபளப்பானது. விழாவுக்கென்று பட்டுப்புடவையில் வந்திறங்கிய அத்தை, "அடுத்த பிளாக் கடையில கறுப்பு டை வாங்கிட்டு வா லா, அண்ணே!" என்றார். ஒவ்வாமை, கூடவே கூடாது என்று நான் கத்தினேன். தலையில் பச்சையோடு அம்மா நடுவில் உட்கார்ந்திருக்க, இரண்டு பேரும் சண்டை போட்டோம்.

அம்மா அந்தப் பொடி உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு பாப்பா."

ஏழெட்டு வயதிலிருந்து கேட்ட அதே குரல். வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். தமிழில்தான் இருந்தது, பெரிய எழுத்தில். நரைமுடிக்கு முதலில் மருதாணி பூசி அலச வேண்டும். அதன் பிறகே அவுரி. மருதாணி இல்லாமல் பூசினால் பச்சை நிறம் வரும். முதலில் சில முடிகளில் சோதித்துப் பார்க்கவும். ஊரில் உள்ள டப்பாவையெல்லாம் திருப்பித் திருப்பிப் படித்தவள், இலைப் படத்தைக் கண்டதும் பின்பக்கம் ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தேன். ஒரு வரி விடாமல் உரக்கப் படித்துக் காட்டினேன். படிக்கப் படிக்க என் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

"எனக்குப் படிக்க வராதுன்னுதானே உன்னைப் படிக்க வெச்சேன்" என்றார் அம்மா. கோபமில்லை. விடுப்பு எடுத்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு எதிராகக் கிடைத்த ஆயுள்கால வாய்ப்பை அத்தை நழுவவிட்டது அன்றைக்கு மட்டும்தான். அம்மாவின் முந்தானையை எடுத்துத் தலைக்கு மேல் போட்டு, இரண்டு பக்கமும் ஊசி குத்தி, "வாங்க அண்ணி, நேரமாச்சு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

மண்டபத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள். மாணவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். சிலர் எழுந்துகூட நின்றார்கள். அம்மாவை அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. மேடையில் பெரிய மின்விசிறி. முந்தானை பறக்கப் பார்த்தது. பக்கத்து வீட்டார் ஒரு தட்டு வடை கொடுத்தால்கூட இரண்டு கையும் நீட்டி வாங்குகிறவர் என் அம்மா. அன்றைக்கு ஒரு கையால் முந்தானையைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, விருதை ஒற்றைக் கையால் வாங்கினார். படத்தில் அவர் சிரிக்கவில்லை. முந்தானை எப்போது விழும் என்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் படத்தை ஜொகூருக்கு அனுப்பவில்லை. "அப்புறம் அனுப்பலாம்" என்று கண்ணாடி அலமாரிக்குள் வைத்தார்.

வேடிக்கைக்கென்னவோ குறைவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்தால், "இந்தி சீரியல் மாமியார்" என்று அப்பா அறிமுகம் செய்வார். அம்மா வேலையிலிருந்து வரத் தாமதமானால், "பச்சை லைன்ல வர்றா, மாறி ஏறி வரணும்ல" என்பார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் நான் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கைகளைத்தான் பார்க்கிறேன்.

இப்போது ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பை முடித்திருக்கிறேன். அம்மாவைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போய் முதுகில் ஒட்டுச் சோதனையும் செய்தாயிற்று. அந்தக் கறுப்புச் சாயப் பொருள் அம்மாவுக்கு ஆகவே ஆகாதாம். அடுத்த மாதம் எனக்குப் பட்டமளிப்பு விழா. நுழைவுச்சீட்டைப் படித்துக் காட்டியதும் அம்மா கேட்டார்:

"அங்கயும் படம் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்கம்மா. வெள்ளையாவே வாங்க, அழகா இருக்கு."

"நீ இலை வெச்சு கறுப்பாக்குறேன்னு சொன்னியே, அதை இன்னும் முடிக்கல."

"முதல்ல அவ தலையில போட்டுப் பாக்கச் சொல்லு" என்றார் அப்பா, பவுடர் கழுத்தோடு. (புது டப்பா. நான் படித்துப் பார்த்து அனுமதித்தது.)

என் தலையில் நரை இல்லாததால், அம்மாவின் சீப்பில் சிக்கிய வெள்ளை முடிகளை ஒரு வாரமாகச் சேர்த்து, நூலால் கட்டி, முதலில் மருதாணியும் பிறகு அவுரியும் பூசினேன். இரண்டு உறைகளின் பின்பக்கத்தையும் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான். இரண்டையும் அம்மாவின் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டுத் தடவியும் வைத்திருக்கிறேன், அரிப்பு இல்லை. பட்டமளிப்பு முடிந்ததும் சிராங்கூன் சாலையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போகிறோம். முன்பணம் கட்டிவிட்டேன். அலமாரியில் இருக்கும் விருதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கையாலும் பிடிப்பதற்கு.

அந்த முடிக்கற்றை இப்போது சமையலறைச் சன்னலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நல்ல கரும்பழுப்பு. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன்.

பச்சை இல்லை. இதுவரைக்கும்.