கூட்டுவட்டி அண்ணாச்சியும் மாரீஸ்வரியின் தூக்குவாளியும்

கோவில்பட்டி வட்டாரத்தில் கூட்டுவட்டியைக் கடவுளுக்கு அடுத்தபடியாக நம்பியவர் ஒரே ஒருவர்தான். ‘அடுத்தபடியாக’ என்று நான் எழுதியது தெரிந்தால் அவர் கோபித்துக்கொள்வார்.

தீப்பெட்டி ஆபீஸில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே ‘கூட்டுவட்டி அண்ணாச்சி’ என்றது. ஒரு கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, “மாப்ள, இந்தப் பந்தல் செலவ பேங்குல போட்டிருந்தா உம்ம பேரன் கல்யாணத்துக்கு மண்டபத்தையே வாங்கிருக்கலாம்லா” என்றார். அதன் பிறகு அவருக்குப் பத்திரிகை வைப்பவர்கள் குறைந்துபோனார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சேமிப்பு பற்றிச் சொல்லித்தர எங்கள் தன்னார்வக் குழு ஆள் தேடியபோது நான்தான் அவரைச் சிக்கவைத்தேன். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி, ஏழாம் வகுப்பு, முப்பத்தாறு பிள்ளைகள். வெள்ளிக்கிழமைதோறும் என் பைக்கின் பின்னால் ஏறிக்கொள்வார்.

முதல் நாளே ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்தார். “அடுத்த வாரம் திங்காம கொண்டாந்தா, கையில எத்தன இருக்கோ அத்தன மறுபடியும் தருவேன். கடைசி வகுப்பு வரைக்கும் இதான் சட்டம்!”

மறு வாரம் முப்பத்தைந்து பேர் வெறுங்கையை விரித்தார்கள். மாரீஸ்வரி மட்டும் மிட்டாயை நீட்டினாள். அண்ணாச்சி பூரித்துப்போய் இன்னொன்று கொடுத்தார். அதற்கடுத்த வாரம் இரண்டு. பிறகு நான்கு. பிறகு எட்டு. ஆறாவது வாரம் அவள் தூக்குவாளியோடு வந்தாள். அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது.

“ஏட்டி, ஒண்ணாச்சும் தின்னு பாரேன். நல்லாருக்கும்.”

“எங்க அய்யா பெட்டக்குட்டிய அறுக்கவே மாட்டாவ சார். அது பெருகும்லா?”

ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கூட்டுவட்டி சொல்லித்தரப் போனது யார் தப்பு?

எட்டாவது வாரம் அறுபத்து நான்கு கொடுத்தார். ஒரு டீக்குக்கூட யோசிக்கிற மனிதர்! அடுத்த வாரம் கடைசி வகுப்பு; அதற்கு நூற்று இருபத்தெட்டு வேண்டும். பாவமாக இருந்தது. “திட்டம் முடிஞ்சிட்டுன்னு சொல்லிருவோமா அண்ணாச்சி?” என்றேன்.

“பேங்கு திவாலாயிட்டுன்னு பிள்ளேள்ட்ட சொல்லச் சொல்லுதீங்களா தம்பி? நாளைக்கு அதுக எதத்தான் நம்பும்?”

நூற்று இருபத்தெட்டையும் மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். எண்ணிக் கொடுத்தார். மாரீஸ்வரி எல்லாவற்றையும் மேசையில் கொட்டினாள். இருநூற்று ஐம்பத்தாறு. தன்னையும் சேர்த்து முப்பத்தாறு பேருக்கும் ஏழேழாகப் பங்கு வைத்தாள்.

“ஏட்டி, ஒம்போது வாரம் கட்டிக் காத்தது இதுக்கா?”

“ஒத்தையில என்னத்த திங்க சார்?”

மிச்சம் நான்கு. ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ஒன்று, சத்துணவுச் சமையல் அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கடைசி ஒன்றை நீட்டியபோது அண்ணாச்சி கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதாத பலகையை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், எட்டயபுரம் நெருங்கும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லக் குரல் வந்தது.

“தம்பி, அடுத்த வருசமும் நம்மளக் கூப்பிடுவாவளா?”

“கூப்பிடுவாவ அண்ணாச்சி” என்றேன். கோவில்பட்டிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. பைக்கின் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.