ஏகாம்பரத்துக்குக் கேட்டுடும்

உலகத்தில் உள்ள காமெடியன்கள் எல்லோரும் ஜனங்களைச் சிரிக்கவைக்கத் தலைகீழாக நின்று தண்ணீர் குடிப்பார்கள். சிரித்தவனை எழுப்பி வெளியே துரத்திய ஒரே காமெடியன், எனக்குத் தெரிந்து, செங்கல்பட்டு உஷ் அண்ணாத்ததான். அவரிடம் சிரித்து மாட்டிக்கொண்டு நானே மூன்று முறை வெயிலில் நின்றிருக்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். அந்தச் சந்துக்காரர்கள் இன்னும் கிசுகிசுவென்றுதான் பேசுகிறார்கள்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த சமயம். நான் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல், கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலேறிச் செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலைக்கு மெயில் அனுப்பப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். போனது பாபுவின் பிரவுசிங் சென்டருக்கு. எட்டுக் கம்ப்யூட்டர், இருமுகிற ஒரு ஏசி, வெயில் அடிக்காமல் இருக்க வாசலில் கனமான கறுப்புத் திரை. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே நுழைந்தால் கிணற்றில் இறங்கியது போல இருக்கும்.

முதல் நாள் நான் பார்த்த காட்சி இது. நான்காம் நம்பர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருபது ஆம்பிளைகள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒருவர் வாயிலும் சத்தமில்லை. எல்லோர் வாயிலும் துணி. கைக்குட்டை, துண்டு, ஒருவர் தன் சட்டைக் காலரையே கடித்துக்கொண்டிருந்தார். நீல வெளிச்சத்தில் இருபது முதுகுகளும் கிடுகிடுவென்று குலுங்குகின்றன. நடுவில் எங்கிருந்தோ ஒரு குரல், காற்று மாதிரி, "முட்டி வெளிய தெரியுது நைனா, உள்ள இழுத்துக்கோ" என்கிறது. நான் என் முட்டியைத்தான் குனிந்து பார்த்தேன்.

நாற்காலியில் இருந்தவர்தான் உஷ் அண்ணாத்த. ஒல்லி உடம்பு, கட்டம்போட்ட சட்டை, நாற்பது வயது சொல்லலாம். அவர் உள்ளே வந்ததை யாரும் பார்த்ததே கிடையாது. நாற்காலி காலியாக இருக்கும். நாம் தும்மிவிட்டு நிமிர்ந்தால் ஆள் உட்கார்ந்திருப்பார். கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடற்கரைத் திருவிழா மேடைகளில் பாட்டுக்கச்சேரிக்கு நடுவே காமெடி செய்தவராம். இப்போது மேடை ஏறுவதில்லை. ஏன் என்று கேட்டால் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்பார். பேர் அப்படி வந்ததுதான்.

அவர் ஆடியது பதுங்கிப் போகிற விளையாட்டு. ஏதோ ஒரு குளிர் தேசத்துத் துறைமுகம், கிடங்குகள், டார்ச் அடித்துக்கொண்டு சுற்றும் காவல்காரர்கள். கறுப்புச் சட்டை போட்ட நம் ஆள் அவர்கள் கண்ணிலும் காதிலும் படாமல் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். காவல்காரன் எத்தனை பேர் வந்தாலும் கம்பெனிக்காரன் ஒரே முகத்தைத்தான் ஒட்டியிருந்தான். அதனால் அண்ணாத்த எல்லோருக்கும் ஒரே பேர் வைத்துவிட்டார்.

"இவன் ஏகாம்பரம். கோவளத்துக்காரன். நேத்து பொண்டாட்டி போட்ட சண்ட இன்னும் காதுல ஓடிகினு கீது. அதான் தலைய தலைய ஆட்டறான் பாரு. இப்ப நம்ம பக்கம் வர்றான். நான் டிரம்முக்குள்ள பூந்துட்டேன். உள்ள ஒரே கருவாட்டு நாத்தம்பா. தும்மல் வருது. தும்முனா ஏகாம்பரத்துக்குக் கேட்டுடும்."

எனக்குத் துணி விஷயம் தெரியாது. குபுக்கென்று சிரித்துவிட்டேன்.

திரையில் ஏகாம்பரம் சடாரென்று நின்றான். டார்ச்சைத் திருப்பினான். நேராக என் முகத்தைப் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், வாசகர்களே, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பொம்மை என்னைப் பார்த்தது. ஏசிக் குளிரில் என் முதுகில் வியர்வை இறங்கியது.

"கேட்டுடுச்சி, பாத்தியா?" என்றார் அண்ணாத்த, திரும்பாமலே. கட்டைவிரல் வாசலைக் காட்டியது. நான் வெளியே போய் நின்றேன். இதுதான் அந்த மூன்றில் முதல் முறை.

இது ஏதோ தற்செயல் என்று நினைத்துத்தான் மறுநாள் போனேன். பார்த்தால் ஒவ்வொரு முறையும் அதேதான். யார் வாய்விட்டுச் சிரித்தாலும் ஏகாம்பரம் திரும்பினான். படித்தவன் நான், இயற்பியல் பட்டம் வேறு. மூன்றாம் நாள் அம்மாவின் பழைய புடவையில் ஒரு முழம் கிழித்து எடுத்துக்கொண்டு போனேன்.

ரசிகர்களில் முக்கியமான ஆள் தணிகாசலம். நிஜமான வாட்ச்மேன். அரிசி மில் கிடங்கில் காவல் முடிந்து, காக்கிச் சட்டையோடு நேரே வருவார். கறுப்புச் சட்டைக்காரன் பின்னாலிருந்து அடித்து ஏகாம்பரத்தைச் சாய்ப்பது அவருக்குப் பொறுக்காது.

"அவன் டூட்டியத்தானே பாக்கறான் அண்ணாத்த? அவன இன்னாத்துக்கு அடிக்கிற? புள்ளகுட்டிக்காரன்."

அண்ணாத்த யோசித்தார். அன்றிலிருந்து ஒரு ஏகாம்பரத்தைக்கூடத் தொடுவதில்லை என்று முடிவானது. இதனால் ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய லெவல் ஐந்து நாள் ஓடியது. ஆனால் தணிகாசலத்துக்கு முகத்தில் ஒரு நிம்மதி. மில்லில் தன்னையும் யாரோ இப்படித் தொடாமல் தாண்டிப் போகிறார்கள் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டதாம். "பின்னாடி காத்து மாதிரி இன்னாவோ போவுது சார், திரும்பனா ஒண்ணும் இல்ல" என்று என் காதில் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. ரயில்வே பிளாட்பாரத்தில் பட்டப்பகலில் நிற்பேன். "முட்டி வெளிய தெரியுது நைனா" என்று காதோரம் கேட்கும். திரும்பினால் காலி பெஞ்சு.

வீட்டிலும் காலடி ஓசையில்லாமல் நடக்கப் பழகிவிட்டேன். அடுப்படியில் பின்னால் போய் நின்றதில் அம்மா ரசத்தைக் கொட்டிவிட்டு, "எழவே, செருப்பைப் போட்டுக்கினாவது நட!" என்று கரண்டியைத் தூக்கினாள்.

பூசாரி வந்த கதையைச் சொல்லாவிட்டால் பாவம். பக்கத்துத் தையல்கடை அக்கா ஏதோ கேட்க வந்தவர், கறுப்புத் திரையை விலக்கி எட்டிப் பார்த்திருக்கிறார். நீலம் பாரித்த இருபது முகங்கள், வாயில் துணி, உடம்பெல்லாம் நடுக்கம், நடுவில் ஆள் தெரியாத குரல். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்து, ஏரிக்கரை அம்மன் கோயில் பூசாரியைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். பூசாரி ஒரு கையில் வேப்பிலை, மறுகையில் விபூதித் தட்டோடு உள்ளே பாய்ந்தார்.

"யார்ரா நீ? எங்கேந்து வந்த? சொல்லு!"

திரையில் ஏகாம்பரம் நின்று திரும்பினான். பூசாரி இரண்டடி பின்வாங்கினார்.

"கோவளத்லேந்து வந்தான் சாமி," என்றார் அண்ணாத்த அதே காற்றுக் குரலில். "வூட்ல சண்ட. நீ கத்துனியா, பயந்துட்டான். பக்கத்துல குந்து. அவன் கொழம்பு வாசன புட்சிக்கினு போற வரிக்கும் பேசாத."

பூசாரி உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மனுஷன் வேப்பிலைக் கொத்தை வாயில் கவ்விக்கொண்டு குலுங்கிக்கொண்டிருக்கிறார், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். மறுநாள் முதல், நாலு மணிக்குத் திறக்க வேண்டிய கோயில் நடை ஆறு மணிக்குத்தான் திறந்தது. பாபு தன் பங்குக்கு வாசலில் 'உள்ளே சிரிக்காதீர்' என்று எழுதி ஒட்டினான். இழவு வீடு என்று நினைத்து இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், ஒருநாள் கூட்டம் தள்ளியதில் நான் அண்ணாத்தயின் இடது கைக்கு அருகே போய் விழுந்தேன். யாரோ சிரித்தார்கள். அந்த நொடியில் அவர் சுண்டுவிரல் கீபோர்டின் ஓரத்தில் ஒரு பட்டனை மெல்லத் தட்டுவதைப் பார்த்தேன். நம் கறுப்புச் சட்டைக்காரனை விசில் அடிக்கவைக்கிற பட்டன். விசில் கேட்டால் காவல்காரன் திரும்புவான். ஸ்பீக்கரை அவர் குறைத்தே வைத்திருந்ததால் விசில் நம் காதில் விழுந்ததில்லை.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு முழம் புடவையை மாதக்கணக்கில் மென்றவன் நான். ஆட்டம் முடிந்ததும் டீக்கடையில் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா அண்ணாத்த, எங்களப் பாத்தா கேணப்பசங்க மாதிரி கீதா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டினார். வெளிச்சத்தில் அவர் பேசி அன்றுதான் கேட்டேன். உள்ளே பேசியது கிசுகிசுப்பே இல்லை. அவரிடம் இருந்ததே அவ்வளவுதான்.

"உள்ள கட்டி நைனா. மேடையில பத்து வருசம் கத்துனதோ, பீடியோ, தெர்ல. மெட்ராஸ் ஆஸ்பத்திரில கொரல் பொட்டியவே எடுக்கணும்னு சொல்ட்டாங்க. நீங்க சிரிச்சா என் கொரலு எனக்கே கேக்கல. 'சிரிக்காதீங்க, எனக்கு முடியல'ன்னு ஒரு காமெடியன் எப்டி சொல்றது? அதான் ஏகாம்பரத்த திருப்பி வுட்டேன்."

நான் அவர் டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இன்னும் பதினஞ்சு நாள் கீது. நாலு லெவல் பாக்கி. இந்த ஏகாம்பரம் கதைய என் வாயால சொல்லி முடிச்சிட்டேன்னா போதும். அப்பால ஆஸ்பத்திரிக்காரன் இன்னா வேணா எடுத்துக்கட்டும். பசங்களாண்ட சொல்லாத."

சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து சென்டரில் நான் ஒரு ராட்சசன். யார் வாயிலாவது 'ஹ' என்று வந்தால் பிடறியில் ஒன்று வைத்தேன். பூசாரியைக்கூட முறைத்தேன். இவனுக்குப் பித்து முற்றிவிட்டது என்று பாபு ஊரெல்லாம் சொன்னான்.

கடைசி நாள் வந்தது. மறுநாள் காலையில் அவர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இது எனக்கு மட்டும் தெரியும். கடைசி லெவல், கடைசிக் கிடங்கு. ஒரே ஒரு ஏகாம்பரம் கதவுப் பக்கம் முகம் காட்டி, நமக்கு முதுகு காட்டி நிற்கிறான். அண்ணாத்தயின் குரல் நூலாகிவிட்டது. இருபத்தைந்து பேர் மூச்சை அடக்கிக் கேட்கிறோம். படக்கென்று கரண்ட் போனது. பாபுவின் யூபிஎஸ் இரண்டு கத்து கத்திவிட்டு உயிரை விட்டது. ஏசி நின்றது. கும்மிருட்டு.

குரல் மட்டும் நிற்கவில்லை.

"கரண்ட் போனா ஏகாம்பரம் எங்கியும் போவ மாட்டான். அங்கியேதான் நின்னுகினு கீறான். நான் பின்னாடி போய்க்கினே கீறேன். கை நீட்டுனா எட்டும். இத்தினி நாளா அவன் பின்னாடியே சுத்துறேன், ஒரு நாளு மொகத்த மொகம் பாத்ததில்ல. இப்ப அவனுக்கு இன்னாவோ தோணுது. மெதுவா திரும்பறான். திரும்பி இன்னா சொல்றான்னா..."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஏதோ ஜோக்குக்காக நிறுத்துகிறார் என்று காத்திருந்தோம். அரை நிமிடம், ஒரு நிமிடம். கரண்ட் வந்தது. நாற்காலி காலி. வாசல் திரையை விலக்கியிருந்தால் வெயில் உள்ளே பாய்ந்திருக்கும், பாயவில்லை. பின்கதவு இருக்கிறதே என்பீர்கள். அதில் சாய்ந்து நின்றவன் நான்தான்.

அப்போதுதான் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. தணிகாசலம் தன் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மூன்று மாதம் நான்காம் நம்பரில் யாரும் உட்காரவில்லை. பிறகு ஒரு மதியம் பாபு தும்மிவிட்டு நிமிர்ந்தான், நாற்காலியில் ஆள் இருந்தார். அதே கட்டம்போட்ட சட்டை, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. கால்மணி நேரத்தில் சந்து முழுக்கக் கூடிவிட்டது. அவர் கடைசி லெவலைத் திறந்தார். எங்களுக்குப் பழக்கதோஷம், வாயில் துணி வைத்துக்கொண்டோம். முதல் ஏகாம்பரம் டார்ச்சோடு வந்தான். ஒரு சத்தமும் இல்லை. அங்கே நான் எத்தனையோ முறை பயந்திருக்கிறேன். அந்த அமைதிக்குப் பயந்தது போல ஒருநாளும் பயந்ததில்லை.

பூசாரிதான் வேப்பிலையை எடுத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார். "நேத்து பொண்டாட்டி போட்ட சண்ட... இன்னும் காதுல ஓடிகினு கீது."

"டிரம்முக்குள்ள பூந்துட்டேன்," என்றான் பாபு. "ஒரே கருவாட்டு நாத்தம்பா," என்றேன் நான். ஆளுக்கொரு வரி. ஒரு வரி தப்பினால் அண்ணாத்த தலையை ஆட்டி மறுப்பார். சரியானதைச் சொன்ன பிறகுதான் கறுப்புச் சட்டைக்காரன் நகர்வான். இப்படியே அந்தக் கடைசிக் கிடங்குக்கு வந்துவிட்டோம். ஏகாம்பரம் முதுகு காட்டி நின்றான்.

"மெதுவா திரும்பறான்," என்றார் தணிகாசலம். "திரும்பி இன்னா சொல்றான்னா..."

எல்லோரும் நின்றுவிட்டோம். அடுத்த வரி யாருக்கும் தெரியாது. தெரிந்தவருக்குச் சொல்ல வழியில்லை.

வாட்ச்மேன் ஒருமுறை கனைத்துக்கொண்டார். "'யோவ், எங்கய்யா போய்ட்ட? இத்தினி நாளா சத்தமே காணமேன்னு டூட்டிகூட பாக்காம தேடிகினு கீறேன்'னு சொல்றான்."

சிரித்தோம். துணியெல்லாம் கீழே விழ, கூரை பிய்ந்துபோகிற மாதிரி, முதல் முறையாக அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். எங்கள் சிரிப்பில் அமுங்கிப்போக அங்கே குரல் ஏதும் இல்லை என்பது ஞாபகம் வந்ததும் பாதிப்பேருக்கு அது அழுகையானது. அண்ணாத்த இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

மறுபடியும் சொல்கிறேன், இரண்டு கையும் முகத்தில் இருந்தன. பட்டனை யாரும் தொடவில்லை. திரையில் ஏகாம்பரம் மெதுவாகத் திரும்பி, டார்ச்சைத் தாழ்த்தி, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தபடி நின்றான்.

மெஷின் கோளாறு என்று பாபு இன்றைக்கும் சாதிக்கிறான். இருக்கலாம். எனக்கென்னவோ, எங்களைப் போலவே அவனும் அந்தக் குரலுக்கு ஏங்கிப்போய்த்தான் திரும்பினான் என்று படுகிறது.