மூக்கண்டப்பள்ளி யோகக் கலை

சீன தேசத்தில் வெளிநாட்டு ஆசிரியருக்கு உள்ள தலையாய கடமை, காலை ஏழரை மணிக்குப் பள்ளி வாசலில் நின்று, வருகிற அறுநூறு பிள்ளைகளுக்கும் "குட் மார்னிங்" சொல்வது. இரண்டாவது கடமை, போட்டோவில் நிற்பது. பாடம் நடத்துவதும் அந்தப் பட்டியலில் எங்கோ கீழே இருப்பதாகக் கேள்வி. நான் தேடிப் பார்த்ததில்லை.

என் பெயர் பூபதி. ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்காரன். பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு அங்கேயே ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் போல்ட் அளந்தேன். அளந்த போல்ட் ஒன்றாவது என்னிடம் ஆங்கிலம் பேசியதில்லை. பிறகு ஏஜெண்டு ஒருவர் புண்ணியத்தில் இங்கே வந்து "வெளிநாட்டு நிபுணர்" ஆகிவிட்டேன். மனைவி வீரலட்சுமி இன்னமும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். மகள் ஸ்வாதி ஐந்தாவது படிக்கிறாள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால் இருவரையும் கூட்டி வரலாம் என்பது விதி. அந்த ஒரு நினைப்பில்தான் ரசம் இல்லாத சோற்றையும், எந்நேரமும் கையில் திணிக்கப்படும் வெந்நீரையும் இரண்டு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இந்நிலையில் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்க விரும்பும் வெளிநாட்டு ஆசிரியர்கள், தத்தம் தேசத்துப் பாரம்பரியக் கலை ஒன்றை அதிகாரி முன்னிலையில் நிகழ்த்திக் காட்ட வேண்டியது.

தலைமையாசிரியை லியூ மேடம் என்னைக் கூப்பிட்டார். "நீங்கள் இந்தியர். யோகா. வெள்ளிக்கிழமை."

"மேடம், எனக்கு யோகா தெரியாது."

"அடக்கம். யோகிகளின் முதல் லட்சணம்."

"நிஜமாகவே தெரியாது மேடம். குனிந்தால் முட்டி வரைக்கும்தான் கை எட்டும்."

"அதற்கு மேல் எட்ட வேண்டும் என்ற ஆசை இல்லை பாருங்கள். இரண்டாவது லட்சணம்."

என் உடம்புக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன்னால் ஐந்து நிமிஷம் எக்சர்சைஸ் செய்ய வைப்பார்கள். கழுத்தைத் திருப்பு, தோளைச் சுற்று, மணிக்கட்டை உதறு. கடைசியில் வலது கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி. எங்கள் லைன் லீடர் ஆஞ்சப்பன் எண்ணும்போது ஏழு என்பதை இரண்டு தடவை சொல்லுவார். அதனால் எங்கள் லைனில் மட்டும் எட்டு தடவை என்பது ஒன்பது தடவை. வெள்ளிக்கிழமை மேடையேறி அதையே செய்தேன். கண்ணை மூடிக்கொண்டேன், கொஞ்சம் மெதுவாகச் செய்தேன், அவ்வளவுதான். முடிவில் கையை நீட்டி, கணீரென்று தமிழில் சொன்னேன்:

"கையுறை இல்லாமல் மெஷினைத் தொட மாட்டேன். அடுத்தவர் மெஷினில் கை வைக்க மாட்டேன். அவசர வழியை மறிக்க மாட்டேன்."

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். லியூ மேடம் மொழிபெயர்க்க, விசாரணை தொடங்கியது.

"எந்த ஆசிரமம்?"

"மூக்கண்டப்பள்ளிங்க."

"சீடர்கள் எத்தனை பேர்?"

"ஒரு ஷிஃப்டுக்கு நானூறு பேர்."

"அணியும் உடை?"

போனில் இருந்த பழைய படத்தைக் காட்டினேன். மஞ்சள் ஹெல்மெட், கனத்த ஷூ. அதிகாரி பயபக்தியோடு அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போல்ட் அளந்த காலத்தில் ஒருத்தனும் எனக்காக எழுந்து நின்றதில்லை. இங்கே ஒரு அதிகாரியே குனிந்து வணங்குகிறார். நடுவில் புகுந்து திருத்த நான் என்ன பைத்தியமா?

மூன்றே மாதம். பூங்காவில் வயதான அம்மணிகள் மஞ்சள் ஹெல்மெட்டோடு கழுத்தைத் திருப்பினார்கள். வங்கியில் திருப்பினார்கள். கல்யாணப் பெண்களுக்கென்று ரோஜா நிற ஹெல்மெட் விற்பனைக்கு வந்தது. கல்வி அலுவலகம் குழு அமைத்து, கையேடு போட்டு, மூன்று நிலைத் தேர்வும் வைத்தது. எட்டுதான் ராசியான எண் என்று என் ஒன்பதை எட்டாகக் குழு திருத்தியது. நானும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தேன்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப் போனேன். அதே அதிகாரி.

"உங்கள் விண்ணப்பம் மூக்கண்டப்பள்ளி யோகப் பிரிவில் இருக்கிறது. சான்றிதழ் எங்கே?"

"ஐயா, இதை ஆரம்பித்தவனே நான்தான்."

"ஆரம்பித்தபோது சான்றிதழ் இருந்ததா?"

"அப்போது சான்றிதழ் என்பதே கிடையாதே!"

"ஆக, சான்றிதழ் இல்லாமல் நடத்தியிருக்கிறீர்கள். வெளிநாட்டவர் என்பதால் மன்னிக்கிறோம். முதல் நிலைத் தேர்வுக்கு வாருங்கள்."

போனேன். தோற்றேன். கழுத்து பழக்கதோஷத்தில் ஒன்பது தடவை திரும்பிவிட்டது. தேர்வாளரின் குறிப்பேட்டில் இன்னொரு வரியும் இருந்தது: "முகத்தில் ஞானம் போதாது." மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டும் என்றார்கள். ஸ்வாதியோ, சைனாவுக்குப் போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவளிடம் என்னவென்று சொல்வது? போனை எடுத்தால் வீரலட்சுமி முந்திக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு சமாச்சாரம். கம்பெனியில புதுசா யோகா வந்துருக்கு. சைனாவுல இருந்தே ஒரு மாஸ்டரை வரவழைச்சிருக்காங்க. பழைய எக்சர்சைஸை எடுத்துட்டாங்க. உலகத் தரம்னு எச்.ஆர். பாஸ்கரன் சார் சொல்றாரு."

"என்ன செய்யச் சொல்றாங்க?"

"கழுத்தைத் திருப்பணும், தோளைச் சுத்தணும், மணிக்கட்டை உதறணும்."

"அடிப்பாவி, அதைத்தானே பதினோரு வருஷமா செஞ்சுக்கிட்டிருந்தே?"

"அது வேறங்க. இது கண்ணை மூடிக்கிட்டு."

"உறுதிமொழி?"

"சைனீஸ்ல. ஒரு எழவும் புரியல. ஆனா மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி!"

"வீரா, அதெல்லாம் நான் ஆரம்பிச்சதுடி!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. செக்யூரிட்டி கரியப்பன்கூட தான்தான் கண்டுபிடிச்சேங்கறாரு. அதை விடுங்க. நான் மூணாம் நிலை பாஸ் பண்ணிட்டேன். கம்பெனியிலேயே முதல். என் முகத்துல ஞானம் இருக்குதாம்."

"அது நைட் ஷிஃப்ட் தூக்கக் கலக்கம்டி."

"பொறாமை," என்றாள்.

பொறாமைதான். ஆனால் ஸ்வாதி முகம் கண் முன்னால் வந்தது. மறுநாள் அந்தச் சான்றிதழைப் போனில் வரவழைத்து லியூ மேடத்திடம் நீட்டினேன்.

"மூக்கண்டப்பள்ளியிலேயே பயின்றவரா! இந்த மகானை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"என் மனைவி மேடம்."

மேடம் எழுந்து நின்றார். ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. வெளிநாட்டு நிபுணர்: வீரலட்சுமி. அவரைச் சார்ந்து வாழ்வோர்: ஸ்வாதி, மகள், வயது பத்து; பூபதி, கணவர், தொழில் இல்லை.

இப்போது காலை ஏழரைக்கு வாசலில் நிற்பது அவள். எனக்கு மைதானத்தில் கடைசி வரிசை. நேற்று அவள் மஞ்சள் ஹெல்மெட்டோடு மேடையில் நின்று கையை நீட்டிச் சீனத்தில் மந்திரம் சொன்னாள். அறுநூறு பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். முதல் வரிசையில் ஸ்வாதியின் குரல்தான் பெரிசு. எனக்குப் பழைய ஞாபகம் வந்து, "அவசர வழியை மறிக்க மாட்டேன்" என்று முணுமுணுத்தேன்.

பக்கத்தில் நின்ற லியூ மேடம் முகம் சுளித்தார். "புனிதமான மந்திரத்தை உங்கள் மொழியில் சொல்லிக் கெடுக்காதீர்கள்."

மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கழுத்தைத் திருப்ப ஆரம்பித்தேன். மேடையிலிருந்து மைக்கில் தமிழ் கேட்டது.

"எட்டுங்க. எட்டோட நிறுத்துங்க."

நிறுத்திவிட்டேன்.