மொட்டை மாடியில் முகம் கறுத்த கதை

உலகத்தில் எல்லாரும் வெளுக்கத்தான் பாடுபடுகிறார்கள். நாற்பத்தாறு வயதில், கறுத்தே தீருவது என்று சபதம் எடுத்த ஒரே ஆண்பிள்ளை நான்தான்.

நான் நில அளவையாளன். இருபது வருஷம் அளவு நாடாவும் குச்சியுமாக வெயிலில் அலைந்தவன். இந்த வருஷத் தொடக்கத்தில் பதவி உயர்வு கொடுத்து, வரைபடப் பிரிவில் உட்கார வைத்தார்கள். குளுகுளு அறை. சனிக்கிழமை விடுமுறை. இந்த நல்ல சேதியை என் மனைவியிடம் மட்டும் நான் சொல்லவில்லை.

சொன்னால் சனிக்கிழமை என் கையை விட்டுப் போய்விடும். வீட்டு வேலைகள் வரிசை கட்டிக் காத்திருந்தன. அதனால் வழக்கம்போல் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்புவேன். மருந்துக்கடைக்காரரின் பின்னறையில் சாயங்காலம் வரை கேரம் ஆடுவேன். திரும்பி வந்து "அப்பாடா" என்று சரிந்தால் எலுமிச்சைச் சாறு வரும். ராஜபோகம்தான் போங்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, மனைவி என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"என்னங்க, முகம் வெளுத்திருக்கு?"

"யாருக்கு?"

"எனக்கா? உங்களுக்குத்தான். வெயில்ல அலையற மூஞ்சி மாதிரியே இல்லையே."

"மேகமூட்டம்."

"நாலு மாசமாவா?"

அன்றைக்கே மருந்துக்கடைக்காரரிடம் ஓடினேன். ஊருக்கெல்லாம் சிவப்பழகு க்ரீம் விற்கிறவர் அவர். கறுக்க வழி கேட்டு வந்தவன் நான் ஒருத்தன்தான்.

"இதுக்கெல்லாம் மருந்து எதுக்கு? முகத்துல தேங்கா எண்ணெயைத் தடவிக்கிட்டு உச்சி வெயில்ல நில்லுங்க. பத்தே நாள்."

நின்றேன். ஆபீஸ் மொட்டை மாடியில், சாப்பாட்டு இடைவேளையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். பத்து நாளில் கறுத்தேன். மூக்கு தோலுரிந்தது. பதினோராம் நாள் கன்னத்தில் ஒரு பரு. பன்னிரண்டாம் நாள் அதன் உற்றார் உறவினர் எல்லாரும் வந்து இறங்கினார்கள். கல்லூரிக்குப் போகும் என் மகள், "அப்பா, கிள்ளாதீங்க, தழும்பாயிடும்" என்று எனக்குப் புத்தி சொன்னாள்.

மனைவி பதறிப்போனாள். அப்படித்தான் நான் நினைத்தேன். தினம் இரண்டு வேளை முகம் கழுவ வேண்டும், தலையணை உறை மாற்ற வேண்டும், எண்ணெய் பக்கமே போகக் கூடாது என்று சட்டம் போட்டாள். கையில் ஒரு சன்ஸ்க்ரீனையும் திணித்தாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பூசுங்க."

"பூசினா கறுக்காதே!" வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஏன், கறுக்கணுமா?"

"இல்ல... கறுக்காதேன்னு சந்தோஷத்துல சொன்னேன்."

அதோடு விடவில்லை. தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தார்.

"எண்ணெய் அடைச்சு வந்த பரு. ஆறு வாரத்துக்கு வெயில்ல வேலை செய்யக் கூடாது."

"அதெப்படி டாக்டர்? எனக்குச் சனிக்கிழமைகூட வேலை இருக்கே!"

"நீங்க கவலைப்படாதீங்க டாக்டர்" என்றாள் மனைவி, சிரித்த முகத்தோடு. "இவர் இந்த வருஷம் பூரா ஏசி ரூம்லதான் வேலை பாக்கறார். சனிக்கிழமை லீவு."

வெளியே வந்ததும் கேட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குப் பதவி உயர்வு வந்த அன்னிக்கே உங்க ஆபீசர் சம்சாரம் போன் பண்ணி வாழ்த்து சொன்னாங்க. நீங்களா வந்து சொல்வீங்கன்னு நாலு மாசம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் முகம் வெளுத்திருக்குன்னு ஒரு வார்த்தை விட்டேன்."

"அப்போ வெளுக்கவே இல்லையா?"

"இருபது வருஷத்துக் கறுப்பு நாலு மாசத்துல போயிடுமா?"

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை தொப்பியைத் தொடவே இல்லை. நல்ல பிள்ளையாக மனைவி எதிரே போய் நின்றேன். அவள் துடைப்பத்தை நீட்டினாள்.

"கட்டிலுக்கு அடியில படுத்துப் பெருக்குங்க. அங்க வெயிலே வராது."